தட்டில் என் பக்கம்

சர்வர் இரண்டு தட்டு கொண்டுவந்து வைத்தால் பாய் ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

"இது வேணாம் தம்பி. ரெண்டு பிரியாணியும் இதுலயே போட்டுடு" என்பார். சர்வர் முழிப்பார். தட்டு சின்னதாக இருக்கிறதே என்று தயங்குவார். அதற்கும் பாயிடம் பதில் தயாராக இருக்கும். உள்ளே பரோட்டா அடுக்கி வைக்கிற பெரிய தட்டு ஒன்று இருக்குமே, அதைக் கழுவி எடுத்து வா என்பார். சிதம்பரத்தில் அவருக்கென்றே ஒரு பெரிய தட்டை ஒதுக்கி வைத்திருந்த ஓட்டல்கள் மூன்று இருந்தன. அவர் படியேறுவதைப் பார்த்ததுமே உள்ளே தட்டுக் கழுவுகிற சத்தம் கேட்கும்.

தட்டு மேஜையின் நடுவில் வந்து உட்கார்ந்ததும் அவர் முகம் மாறும். பிஸ்மில்லா சொல்லிவிட்டுத் தன் பக்கத்து ஓரத்தில் கை வைப்பார். நடுக்கோட்டைத் தாண்டி அவர் கை ஒருநாளும் போகாது. நல்ல கறித்துண்டு தன் பக்கம் கிடந்தால் அதை மட்டும் இரண்டு விரலால் எதிர்ப்பக்கம் தள்ளிவிடுவார். எதிரில் இருப்பவர் அதைத் திருப்பித் தள்ளுவார். ஒரு துண்டு நாலு தடவை அப்படியும் இப்படியும் போய்வரும். கடைசியில் இருவரும் சிரித்துப் பிய்த்துக்கொள்வார்கள்.

"தனியா சாப்பிடுறது சாப்பாடு இல்ல மச்சான். மாத்திர முழுங்குற மாரி" என்பார்.

அவருக்குப் பெயர் இருந்தது. பாஸ்போர்ட்டில் இரண்டு வரிக்கு நீண்ட அந்தப் பெயரை நூறு தடவையாவது ஜெராக்ஸ் எடுத்திருப்பேன். ஆனால் நான் கூப்பிட்டது பாய் என்றுதான். என்னைவிட இருபது வயது பெரியவர். முதல் நாளே என்னை மச்சான் ஆக்கிவிட்டார்.

அண்ணாமலை நகரில் என்னுடையது ஜெராக்ஸ் கடை. தீசிஸ் பைண்டிங்கும் உண்டு. பாய் கடலூர் முதுநகர்க்காரர். பாரிசில் ஒரு பிஸ்ட்ரோவில் இருபத்திரண்டு வருஷம் சர்வராக இருந்தவர். பிஸ்ட்ரோ என்றால் என்னவோ ஏதோ என்று நான் வாயைப் பிளந்தபோது, "பெரிய ஓட்டல்னு நெனச்சிக்காத. நம்ம மெஸ் மாரிதான். பத்துப் பன்னெண்டு டேபிள், கரும்பலகையில அன்னிக்கு என்ன சாப்பாடுன்னு எழுதியிருக்கும், தெருக்காரங்கதான் வருவாங்க" என்று என் மலைப்பை ஒரே நிமிடத்தில் இறக்கிவிட்டார். அவர் அங்கே இருந்தபோது மனைவி இங்கே காலமாகிவிட்டார். அதன்பிறகு வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிட்டார். ஒரே மகள் இங்கே ஆராய்ச்சிப் படிப்பில் சேர்ந்ததும், என் கடைக்குப் பின்சந்தில் ஒரு போர்ஷன் பிடித்துக் குடிவந்தார்.

மகளின் சான்றிதழ்களை ஜெராக்ஸ் எடுக்க வந்த முதல் நாளே என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். மணி ஒன்றரை. மிஷின் சூட்டில் கிடந்த எனக்கு அகோரப் பசி. போனேன். இரண்டு பிரியாணி சொன்னார். வந்தது ஒரு தட்டு.

இங்கே என் வளர்ப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டில் எச்சில் என்பது கிட்டத்தட்ட ஒரு சட்டப் புத்தகம். டம்ளரை உதட்டில் வைக்கக் கூடாது, அண்ணாந்துதான் குடிக்க வேண்டும். தயிர்க் கரண்டி தட்டில் பட்டுவிட்டால் அதைத் திரும்பக் கிண்ணத்தில் போடக் கூடாது. அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் கரண்டி தட்டில் இடிக்கிற சத்தம் கேட்டுவிடும். அப்படி வளர்ந்தவன் நான். ஒருமுறை என் தம்பி ஊரிலிருந்து கடைக்கு வந்து, வெயிலுக்கு வாங்கிய ரோஸ்மில்க்கில் பாதியைக் குடித்துவிட்டு மீதியை என்னிடம் நீட்டினான். கூடப்பிறந்தவன். அவன் வாய் வைத்த டம்ளரை என்னால் தொட முடியவில்லை. வேண்டாம்டா என்று மிஷின் பக்கம் திரும்பிக்கொண்டேன். பாய் அப்போது என் கடையில்தான் பேப்பர் அடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஆனால் அது பிற்பாடு. அந்த முதல் நாள், பாய் தன் ஓரத்தில் பிசைந்து ஒரு வாய் போட்டுவிட்டு, ஒரு நல்ல தொடைக்கறியை என் பக்கம் தள்ளினார். அவர் விரல் பட்ட கறி. என் கை மேஜைக்கு அடியிலேயே நின்றுவிட்டது. எனக்கு ஒத்துக்காது பாய், எங்க வீட்டுப் பழக்கம் அப்படி என்று நேராகச் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன நினைப்பார்? முஸ்லிம் என்பதால் கை வைக்க மறுக்கிறான் என்றுதானே நினைப்பார்? தம்பி தட்டிலேயே நான் கை வைக்க மாட்டேன் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? நினைத்துப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. அதனால் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"வயிறு சரியில்ல பாய். காலையிலேர்ந்தே ஒரு மாரியா இருக்கு. நீங்க சாப்பிடுங்க."

அவர் கை அப்படியே நின்றது. "அடடா, வர்றப்பவே சொல்லக் கூடாதா மச்சான்?" என்றார். எனக்கு எலுமிச்சை சோடா வாங்கிக் கொடுத்தார். இரண்டு ஆள் பிரியாணியோடு தனியாக உட்கார்ந்து, நாலு வாய்க்கு மேல் இறங்காமல், மீதியைப் பார்சல் கட்டச் சொல்லிவிட்டார்.

வெளியே வந்து அவர் ஒரு பக்கம் போனதும் நான் நேரே கீழவீதி முனைக்கு ஓடினேன். அங்கே வண்டிக்காரரிடம் வாழைக்காய் பஜ்ஜி சூடாக இருந்தது. நின்றபடி நாலு தின்றேன். பாவம் செய்கிறோம் என்கிற எண்ணம் இரண்டாவது பஜ்ஜியில்தான் வந்தது.

ஒரு பொய்யை ஒருநாள் சொன்னால் போதாது என்பதை அடுத்த வாரமே தெரிந்துகொண்டேன். "வயிறு எப்படி மச்சான்?" என்றுதான் கடைக்குள் நுழைவார். ஓமவாட்டர் பாட்டில் கொண்டுவந்து மிஷின் பக்கத்தில் வைத்தார். மாதுளைத் தோலைக் காயவைத்துப் பொடி பண்ணிக் கொடுத்தார். இப்போது சரியாகிவிட்டது என்றால் அடுத்த நிமிடம் தட்டு நடுவில் வந்துவிடும். எனவே என் வயிறு சரியாகவே இல்லை. சொன்னால் சிரிப்பீர்கள், பன்னிரண்டு வருஷம் சரியாகவே இல்லை.

அதற்காக அவர் என்னைக் கூப்பிடாமல் விட்டாரா என்றால் அதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எங்காவது சாப்பிடப் போவோம். உட்கார்ந்ததும் முதலில் எனக்குச் சொல்வார், "இவருக்கு ரெண்டு இட்லி, தனித்தட்டு, கத்தரிக்கா கொத்சு காரமில்லாம." அப்புறம் தன் தட்டுக்கு ஆள் தேடுவார். அந்த ஆள் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். மருந்து விற்க வந்த ரெப், பஸ் தவறவிட்ட கண்டக்டர், ஊர் ஞாபகத்தில் மூஞ்சி வாடி உட்கார்ந்திருக்கும் ஹாஸ்டல் மாணவன். "தம்பி, ஒத்த ஆளாவா வந்தீங்க? இப்படி வாங்க" என்பார். பத்துப் பேரில் ஏழு பேர் எழுந்து வந்துவிடுவார்கள். அவர்கள் சிரித்துக்கொண்டு கறியைத் தள்ளித் தள்ளி விளையாடும்போது நான் பக்கத்தில் நோயாளி மாதிரி இட்லியைப் பிட்டுக்கொண்டிருப்பேன். பிரியாணி வாசனையில் இட்லி தின்பது எப்படிப்பட்ட தண்டனை என்று தின்றவர்களுக்குத்தான் தெரியும்.

தெற்குவீதிப் பக்கம் ஒரு மெஸ்ஸில் இவரால் பஞ்சாயத்தே நடந்தது. அது அளவில்லாச் சாப்பாடு. சாப்பாட்டைப் பகிரக் கூடாது என்று சுவரில் போர்டு வேறு. பாய் இரண்டு டோக்கன் வாங்கி, ஒரு இலை போதும் என்றார். கூட உட்கார்ந்தது ஒரு லாரி டிரைவர். சூப்பர்வைசர் ஓடிவந்தார்.

"ஒரு எலையில ரெண்டு பேரு சாப்பிடக் கூடாதுங்க."

"ரெண்டு டோக்கன் வாங்கியிருக்கேனே?"

"அப்ப ரெண்டு எல போட்டுக்குங்க."

"ஒரு எல ஒங்களுக்கு மிச்சம்தானே?"

சூப்பர்வைசர் யோசித்தார். இதில் ஏதோ ஏமாற்று இருக்க வேண்டும், ஆனால் யாருக்கு நஷ்டம் என்று பிடிபடவில்லை. முதலாளியைக் கூப்பிட்டார். அவரும் வந்து இலையைப் பார்த்தார், டோக்கனைப் பார்த்தார், டிரைவரைப் பார்த்தார். கடைசியில் "இன்னிக்கு மட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த இன்னிக்கு மட்டும் ஏழெட்டு வருஷம் ஓடியது.

பைண்டிங் துணி வாங்க நான் மாதம் ஒருமுறை கடலூர் போவேன். பாயும் முதுநகர் வீட்டைப் பார்த்துவர என்னோடு பஸ் ஏறுவார். துறைமுகம் பக்கத்தில் ஓர் அம்மா நடத்திய மீன் சாப்பாட்டுக் கடைதான் அங்கே அவருக்கு. ஆறு பேர் உட்காரலாம், ஏழாவது ஆள் நிற்க வேண்டும். அந்த அம்மா பாயை மாமா என்று கூப்பிடும். அதன் வாய்க்கு ஊரே பயப்படும். முதல் தடவை என்னைப் பார்த்ததுமே பிடித்துக்கொண்டது.

"இன்னா மாமா, கூட வந்தவரு ஒதுங்கி ஒக்காந்திருக்காரு? தட்டுல கைய வைக்க வேண்டியதுதான? தேஞ்சிடுவாரா?"

"அவருக்கு வயிறு சரியில்லம்மா."

"வயிறா? வயிறு சரியில்லாதவன் வஞ்சிர மீன இப்படியா பாப்பான்?"

நான் என் ரசச்சோற்றுக்குக் குனிந்துகொண்டேன். பாய் தலையை நிமிர்த்தாமல் முள்ளை எடுத்துக்கொண்டே, "அல்சரும்மா. டாக்டரு ஸ்ட்ரிக்டா சொல்லியிருக்காரு. விடு" என்றார்.

அல்சர் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. எந்த டாக்டரிடமும் போனதும் இல்லை. ஐந்து வேளையும் தொழுகிற மனிதர், எதற்காக என் பொய்யை இப்படி ஒரு படி ஏற்றிவைத்தார் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. அந்த அம்மாவின் வாயிலிருந்து தப்பித்த நிம்மதிதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

ஒரே ஒரு இடத்தில்தான் அவர் தட்டைத் திருப்பி அனுப்பவில்லை. அது புதுச்சேரியில்.

"நான் வேல பாத்த எடம் எப்படி இருக்கும்னு ஒனக்கு ஒருநாள் காட்டணும் மச்சான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மகளின் தீசிஸை நான் சிவப்புக் காலிகோ துணியில் பைண்ட் பண்ணிக் கொடுத்த வாரம், கடலூரில் இறங்கிப் பஸ் மாறி, ஒயிட் டவுனில் ஒரு பிரெஞ்சு பிஸ்ட்ரோவுக்குக் கூட்டிப் போனார். மஞ்சள் சுவர், காகித விரிப்புப் போட்ட மேஜை, கரும்பலகையில் சாக்பீஸ் எழுத்து. இடுப்பில் ஏப்ரன் கட்டிய சர்வர் பையனிடம் பாய் கடகடவென்று பிரெஞ்சில் ஏதோ கேட்டார். அவன் பரிதாபமாகப் பார்த்தான்.

"சார், எனக்கு இங்லீஷும் தமிளும்தான் சார். ஊரு கம்மாபுரம்."

"அத மொதல்லயே சொல்றதுக்கு என்ன தம்பி" என்று பாய் அவன் தோளைத் தட்டினார்.

எனக்கு அந்த இடம் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடமே பிடித்துப்போய்விட்டது. ஆளுக்கொரு தட்டு. ஆளுக்கொரு முள்கரண்டி. ஒருத்தர் தட்டை இன்னொருத்தர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ரொட்டிக்குக்கூடத் தனித்தனிக் கிண்ணம். எங்கள் அம்மா இந்தக் கடையைப் பார்த்திருந்தால் பிரெஞ்சுக்காரர்களை நம் சாதி என்றே முடிவுகட்டியிருப்பாள். கத்தரிக்காய், குடைமிளகாய், தக்காளி எல்லாம் போட்டு வேகவைத்த ஒன்று வந்தது. ஒரு வாய் போட்டுவிட்டு, "பாய், இது நம்ம கொத்சுதான?" என்றேன்.

"கொத்சுதான். புளி வாங்க மறந்துட்டான்" என்றார்.

பன்னிரண்டு வருஷத்தில் அன்றுதான் நாங்கள் இருவரும் ஒரே மேஜையில் ஒரே சாப்பாடு சாப்பிட்டோம். என் வயிறு அன்று அதிசயமாக நன்றாக இருந்தது. எலுமிச்சையும் வெண்ணெயும் ஊற்றிய மீன் அவருக்கு வந்தபோது, வாயில் எதையும் வைப்பதற்கு முன்பே சுத்தமான கத்தியால் சரிபாதியாக வெட்டி, ஒரு பாதியை என் தட்டுக்கு மாற்றினார். நானும் தயங்காமல் சாப்பிட்டேன்.

ஆனால் பாய் அங்கே பாயாக இல்லை. முதுகை நிமிர்த்தி, முழங்கை மேஜையில் படாமல், கத்தியும் கரண்டியும் சத்தம் போடாமல் சாப்பிட்டார். பேச்சே இல்லை. ஒரு பெண்மணி தனியாக வந்து பக்கத்து மேஜையில் உட்கார்ந்தார். கம்மாபுரத்துப் பையன் போய், எதிர் நாற்காலிக்கு முன்னால் இருந்த கண்ணாடி டம்ளரையும் கத்தி கரண்டியையும் எடுத்துக்கொண்டு போனான். பாய் தன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"அது எதுக்கு பாய்?" என்றேன்.

"ஒத்த ஆளா வந்தா அப்படித்தான் மச்சான். ரெண்டாவது ஆளு கிளாஸ எடுத்துடணும். வேற யாரும் வரலன்னு அர்த்தம்." கொஞ்ச நேரம் அந்த மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இருவத்திரெண்டு வருஷம் அந்தக் கிளாஸ எடுத்ததுதான் என் வேல. ஒரு பெரியவரு, பொஞ்சாதியோட தெனம் வருவாரு. அந்தம்மா போனப்புறம் தனியா வந்தாரு. எடுக்கப் போனேன். என் கையப் புடிச்சிக்கிட்டாரு. எடுக்காதன்னு சொல்லல. புடிச்சிக்கிட்டாரு, அவ்ளோதான். அதே வருஷந்தான் எங்க வீட்டுலயும் அவ மவுத்தானா. போன் வந்தப்ப நான் அங்க நின்னுக்கிட்டுத் தட்டு தொடைக்கிறேன்."

எனக்கு அந்த நிமிடம் என் தட்டை அவர் பக்கம் நகர்த்த வேண்டும் போல இருந்தது. நிஜமாகவே இருந்தது. என் கை தட்டின் விளிம்பு வரை போனது. அதற்குள் பையன் வந்து வேறு ஏதாவது வேண்டுமா சார் என்று கேட்டான்.

அதற்கப்புறம் எனக்கு இரண்டு வாய்ப்பு வந்தது. இரண்டையும் கோட்டைவிட்டேன்.

முதலாவது, அவர் மகளின் நிக்காஹ். மாப்பிள்ளை வீடு மேல்பட்டாம்பாக்கம், வேலை பிரான்சில். மண்டபத்தில் பெரிய பெரிய சஹன்கள் வரிசையாக வந்தன. சஹன் என்றால் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிற அகலத் தட்டு. பாய் பிறந்தது முதல் சாப்பிட்டு வளர்ந்தது அதில்தான். இன்றைக்கு எப்படியும் உட்கார்ந்துவிடுவது என்று பஸ்ஸிலேயே முடிவுசெய்துகொண்டு போயிருந்தேன். ஆனால் பாய் வாசலிலேயே என் கையைப் பிடித்து ஒரு தனி அறைக்குக் கூட்டிப்போனார். மின்விசிறிக்கு நேர் கீழே ஒரு மேஜை. வாழையிலை. சிதம்பரத்திலிருந்து கேரியரில் வரவழைத்த இட்லி, காரமில்லாத கொத்சு, தயிர்சாதம்.

"பொண்ணு கல்யாணத்துல ஒன் வயித்த நான் மறந்துடுவனா மச்சான்" என்றார். கல்யாண வேலை ஆயிரம் கிடக்க, இதற்கென்று ஓர் ஆளை அனுப்பியிருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அதையும் வயிற்று வலி என்று எடுத்துக்கொண்ட மாதிரி முதுகைத் தடவிவிட்டுப் போனார்.

கதவு வழியாகப் பார்த்தேன். எல்லாச் சஹனிலும் நாலு நாலு பேர். பாய் உட்கார்ந்திருந்த சஹனில் மட்டும் மூன்று பேர். நாலாவது பக்கம் காலியாக இருந்தது. எழுந்தேன். கை கழுவிக்கொண்டு கதவு வரை போனேன். மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் ஓடிவந்து, "அண்ணே, ஒங்களுக்கு உள்ளதாண்ணே போட்டிருக்கு" என்று பணிவாகத் திருப்பி உட்காரவைத்தார். நான் உட்கார்ந்தேன். அவரை விலக்கிக்கொண்டு போக எனக்கு எத்தனை நொடி ஆகியிருக்கும்?

இரண்டாவது, அவர் கிளம்பிய வாரம். மகள் பிரான்சுக்குப் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. தனியாக இருக்க வேண்டாம், வந்துவிடுங்கள் அத்தா என்று பிடிவாதமாக டிக்கெட் எடுத்துவிட்டாள். முதல் நாள் போன அதே ஓட்டலுக்கே போனோம். இன்று சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்தேன். "பாய், இன்னிக்கு..." என்பதற்குள் அவர் சர்வரிடம் திரும்பி, "இவருக்கு ரெண்டு இட்லி, தனித்தட்டு" என்றுவிட்டார். பழக்கதோஷம். இட்லி வந்தது. தின்றேன். அன்று தன் தட்டுக்கு அவர் யாரையும் தேடவில்லை. ஒரு பிரியாணிதான் சொன்னார். தனியாகவே சாப்பிட்டுவிட்டு எழுந்தார். பாதிக்கு மேல் மிச்சம்.

இப்போது அவருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. அங்கே மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். பேரப்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே மத்தியானச் சாப்பாடு. அங்கே பன்னிரண்டரை ஆகும்போது இங்கே நாலு மணி. நான் கடையில் டீ குடிக்கிற நேரத்துக்கு வீடியோ கால் வரும். போனைத் தண்ணீர் ஜாடியில் சாய்த்து, எதிர் நாற்காலி இருக்க வேண்டிய இடத்தில் வைத்துவிட்டு, எனக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிடுவார். அது அவருக்கு ஓட்டல். கையில் பஜ்ஜியோ முறுக்கோ வைத்துக்கொண்டு நானும் கூடச் சாப்பிட வேண்டும் என்பது விதி.

போன மாதம் ஒருநாள் வழக்கம்போல ஆரம்பித்தார்.

"வயிறு எப்படி இருக்கு மச்சான்?"

கடையில் யாரும் இல்லை. மிஷின் ஓடவில்லை. என்ன தோன்றியதோ, சொல்லிவிட்டேன்.

"என் வயித்துக்கு ஒண்ணும் இல்ல பாய். எப்பவுமே ஒண்ணும் இருந்ததில்ல. பொய் சொன்னேன்."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "தெரியும் மச்சான்" என்றார்.

"தெரியுமா? எப்பத்திலேர்ந்து?"

"மொத நாளுலேர்ந்து. பிரியாணிப் பார்சல வேணா ராத்திரிக்கு ஒனக்குக் குடுத்துடலாம்னு திரும்பி வந்தேன். கீழவீதி முனையில நின்னு பஜ்ஜி தின்னுக்கிட்டிருந்த."

"நாலு பஜ்ஜிதான் பாய்."

"அஞ்சு. நான் எண்ணுனேன்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. இத்தனை வருஷமாகக் கேட்காமல் இருந்த அதையும் கேட்டுவிட்டேன். "நீங்க பாய்ங்கறதாலதான் நான் கை வைக்கலன்னு நெனச்சிட்டிருந்தீங்களா?"

அவர் பிசைவதை நிறுத்தினார். போனைப் பார்த்தார்.

"ஆரம்பத்துல நெனச்சேன். பொய் சொல்லக் கூடாது. கொஞ்சம் வருத்தமாத்தான் இருந்திச்சி. அப்புறம் ஒன் தம்பி வந்தான் பாரு, ரோஸ்மில்க்கோட. அவன் குடிச்சத நீ தொடல. அன்னிக்குதான் மச்சான் எனக்கு நிம்மதியாச்சி. அட, இவன் எல்லாருக்கும் இப்படித்தான்னு."

"அப்புறம் ஏன் பாய் ஒண்ணுமே சொல்லல? எல்லாம் தெரிஞ்சும் இட்லி, கொத்சு, அல்சர்..."

"நான் தெரிஞ்சிதுன்னு சொல்லியிருந்தா நீ ஒண்ணு கஷ்டப்பட்டுக் கை வச்சிருப்ப. இல்லன்னா வெக்கப்பட்டு என்கூட வராம போயிருப்ப. ரெண்டும் எனக்கு வேணாம். நீ பக்கத்துல ஒக்காந்து இட்லி தின்னா போதும்."

கத்தியால் வெட்டிய மீன் எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. வாயில் வைப்பதற்கு முன்னால் வெட்டினாரே. எங்கள் வீட்டுச் சட்டப் புத்தகத்தை அவர் என் தட்டைப் பார்த்தே முழுக்கப் படித்துவிட்டிருக்கிறார். நான் அவருடைய சட்டத்தில் ஒரு வரியைக்கூடப் படித்ததில்லை.

"அழாத மச்சான். டீ ஆறுது, குடி" என்றார்.

அவர் மறுபடி சாப்பிட ஆரம்பித்தார். எப்போதும் முகம்தான் திரையில் தெரியும். அன்று போன் கொஞ்சம் சரிந்திருந்தது. முதல் முறையாகத் தட்டைப் பார்த்தேன். ஓர் ஆளுக்கு மிகப் பெரிய தட்டு. தன் பக்கத்து ஓரத்தில் மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு கறித்துண்டை இரண்டு விரலால் போன் பக்கமாகத் தள்ளிவைத்தார். என்னிடம் காட்டுவதற்காகச் செய்யவில்லை. கை அதுவாகச் செய்தது. சாப்பிட்டு முடித்து, அல்ஹம்துலில்லாஹ் சொல்லிவிட்டு எழுந்தார். தட்டில் என் பக்கத்துச் சோறு அப்படியே இருந்தது.

மறுநாள் காலை கடையைத் திறந்ததும் மிஷினைப் போட்டேன். ஊர்ப்பிள்ளைகளின் பாஸ்போர்ட் வேலைக்கெல்லாம் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்த கண்ணாடியில் என் ஆதார் அட்டையை வைத்தேன், அப்புறம் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை. சாப்பாட்டுக் கேரியரோடு வந்த என் மனைவி அதைப் பார்த்துவிட்டாள்.

"பாஸ்போர்ட்டுக்கா? எங்க கெளம்புறீங்க?"

"வெளிய சாப்பிடப் போறேன்" என்றேன்.